போனைப் பிடுங்கினால் போதுமா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுகளில் நடந்த ஊழியத்தைப் பற்றி எழுதுவேன். இம்முறை உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கும் ஒரு சிறிய கருவியைப் பற்றியும், அதைக் கையில் வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் மனதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். எழுதும்படி என்னை ஏவியது ஒரு மாணவியின் கேள்வி. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து பேசுவதும் ஜெபிப்பதும் என் வேலையாக இருந்து வருகிறது. முன்பெல்லாம் வார்டில் படுத்திருக்கும் இளைஞர்கள் டைபாய்டு காய்ச்சல் வந்தவர்களாகவோ, சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவர்களாகவோ இருப்பார்கள். மே மாதத்தில் தேர்வு முடிவு வந்தபின் மனமுடைந்த பிள்ளைகள் ஓரிருவர் வருவதுண்டு. இப்போது எல்லா மாதங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று அழைத்து வருகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. உடன் வந்த தாயார் என் காதருகே வந்து, "எல்லாம் இந்தப் போனால வந்தது ஐயா" என்பார்.

அப்படித்தான் ஒரு நாள் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவியைக் கொண்டுவந்தார்கள். அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தாள். கர்த்தருடைய கிருபையாலும் மருத்துவர்கள், செவிலியர்களின் உழைப்பாலும் பிழைத்துக்கொண்டாள். அதற்கு முந்தின நாள் இரவு ஒரு மணிக்கு அவள் போர்வைக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்ததைத் தகப்பனார் கண்டு, அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்திருக்கிறார்.

இரண்டு நாள் அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். நானும் ஒன்றும் கேட்காமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். மூன்றாம் நாள் தானாகவே பேசினாள். பள்ளி விழாவில் எடுத்த அவள் படத்தை யாரோ வெட்டி, வேறொரு படத்தோடு ஒட்டி, கேலி வார்த்தைகளோடு வகுப்பு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பிறகு அது இன்ஸ்டாகிராமுக்கும் போயிருக்கிறது. இரண்டு மாதமாக அது நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் இன்றைக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவளால் கண்ணை மூட முடியவில்லை.

"வீட்டில் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"சொன்னா போனை வாங்கி வச்சிருவாங்க ஐயா. ஸ்கூலையும் நிறுத்திருவாங்க. போன வருஷம் எங்க சர்ச் கன்வென்ஷன்ல நீங்கதானே சொன்னீங்க, பிள்ளைங்க கையில இருந்து போனைப் பிடுங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டுங்கன்னு? அம்மா அதையே தினமும் சொல்லுவாங்க. அப்புறம் நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

இதுதான் எனக்குப் பதில் தெரியாத கேள்வி. நான் அப்படிப் பேசியது உண்மை. சபையார் பலமாக 'ஆமென்' சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

அதன்பின் நம் மனநல மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் கேட்டும், வாசித்தும், பல பிள்ளைகளின் கட்டிலருகே உட்கார்ந்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

இது எப்படி நம் வீட்டுக்குள் வந்தது?

பேஸ்புக் 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கியது. 'லைக்' என்னும் விருப்பக் குறி 2009-இல் அதில் சேர்ந்தது. படங்களுக்கென்றே இன்ஸ்டாகிராம் 2010-இல் வந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் மிகவும் குறைந்து, கிராமத்துப் பையனும் நாள் முழுவதும் வீடியோ பார்க்கக் கூடியவனானான்.

இருந்தாலும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சொந்தமாகப் போனைக் கொடுத்தது பெரும்பாலும் கொரோனா காலம்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் ஆன்லைனில் நடந்தது. நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் வாங்கிய பெற்றோரை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். போன் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. இதற்கிடையே 2020 ஜூன் மாதக் கடைசியில் அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. ஒரு மாதத்திற்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே பிள்ளைகள் எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்த பொருளைப்போல நாம் இதைப் பேசக்கூடாது. நாம்தான், நல்லெண்ணத்தோடு, அவர்கள் கையில் கொடுத்தோம்.

மனதை இது எப்படிப் பாதிக்கிறது?

மருத்துவர்கள் எனக்கு விளக்கியதை நான்கு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. நிறுத்தும் இடம் இல்லை. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலியில் நாடகம் முடிந்தால் அணைத்துவிடுவோம். இந்தச் செயலிகளிலோ விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். இந்த முறையை 2006-இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். மேலும், அடுத்து வருவது நன்றாயிருக்குமா இராதா என்பது தெரியாது. பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளுக்கு முன் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசி தீர்ந்ததும் நிறுத்திவிடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் விழுந்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். 'லைக்' வந்திருக்கிறதா என்று நூறுமுறை போனை எடுத்துப் பார்க்கும் பிள்ளையும் இதே நிலையில்தான் இருக்கிறது. நம்மைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் முழு வளர்ச்சி அடைகிறது. பெரியவர்களாகிய நமக்கே கடினமாயிருப்பது பதினான்கு வயதில் எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

2. ஓயாத ஒப்பீடு. மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டே தன்னை அளந்துகொள்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதினார். நம் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும், மிஞ்சினால் சித்தப்பா மகனோடும் ஒப்பிடுவார்கள். அதுவே நமக்குப் பொறுக்காது. இன்றைய பிள்ளை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறது. அந்த முகங்களும் பலமுறை எடுத்துத் தேர்ந்தெடுத்து, கருவியால் மெருகேற்றப்பட்டவை. ஏற்கெனவே தன் தோற்றத்தைப் பற்றி மனக்குறை உள்ள பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்பது அந்த நிறுவனமே நடத்திய ஆய்வில் தெரியவந்தது. 2021-இல் அதன் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் உள்ளிருந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோதுதான் உலகம் அதை அறிந்தது.

3. வீடு வரைக்கும் வரும் கேலி. நாம் படித்தபோதும் கேலி செய்தார்கள், பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் மாலையில் மணி அடித்தால் அது பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் அம்மா கையால் காப்பி கிடைக்கும். இப்போது அந்தக் கேலி பிள்ளையோடு வீட்டுக்கு வந்து தலையணைக்கு அருகில் படுத்துக்கொள்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் அதன் கீழேயே இருக்கிறது.

4. பறிபோகும் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில் இயல்பாகவே தூக்கம் சற்றுத் தாமதித்துத்தான் வரும். அதோடு போனின் வெளிச்சமும், பார்த்ததால் எழும் மனக்கிளர்ச்சியும் சேர்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் ஐந்தரைக்கு டியூஷன். தூக்கம் கெட்ட மனதுக்குச் சிறிய துக்கமும் பெரிய மலையாகத் தெரியும். அதனால்தான் இப்போதெல்லாம் வார்டில் எந்தப் பிள்ளையைச் சந்தித்தாலும் என் முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாய்?" என்பதுதான்.

எலியா தீர்க்கதரிசியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். சாக வேண்டும் என்று கோரி வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்ட அந்த மனிதனை ஆண்டவர் முதலில் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னார். பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. இதை நான் இறையியல் கல்லூரியில் படித்திருக்கிறேன், பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆனாலும் சோர்ந்துபோன பிள்ளையிடம் தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு மனநல மருத்துவர்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது?

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நாம் உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். போனைத் தொட்ட பிள்ளைகள் எல்லாரும் கெட்டுப்போவார்கள் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலட்சக்கணக்கான இளைஞர்களின் தகவல்களை ஆராய்ந்தார்கள். இளைஞர்களின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் 0.4 சதவீதத்திற்கும் குறைவான பங்கே கருவிகளின் உபயோகத்தோடு தொடர்புடையது என்று கண்டார்கள். மறுபக்கத்தில், பேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த நாட்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், அது வந்த பிறகு அக்கல்லூரிகளின் மாணவர்களுக்கு மனச்சோர்வு கூடியது என்று 2022-இல் வெளியிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் மூன்று வாரம், ஒவ்வொரு செயலியையும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மட்டும் பார்த்தார்கள். அவர்களுக்குத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இது 2018-இல் வெளிவந்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இருமடங்கு என்று குறிப்பிட்டார்.

இவையெல்லாம் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றலாம். நம் மருத்துவர் எனக்கு ஓர் எளிய விளக்கம் சொன்னார். "ஐயா, சர்க்கரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. நீரிழிவு உள்ளவருக்கு அதிகக் கெடுதல். அதுபோல, ஏற்கெனவே துக்கத்திலோ பயத்திலோ தனிமையிலோ இருக்கிற பிள்ளைக்கு இது அதிகமாகத் தீங்கு செய்கிறது. துக்கமாயிருக்கிற பிள்ளைதான் ஆறுதல் தேடி அதிக நேரம் போனையும் பார்க்கிறது" என்றார். எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் தீங்கு சிறியதாகத் தெரியும். அந்த ஒரு பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்தால் சிறியதாகத் தெரியாது.

அந்த ஒரு பிள்ளைக்கு என்ன நேரிடுகிறது என்பதற்கு ஒரு சாட்சி இங்கிலாந்திலிருந்து வருகிறது. லண்டனில் 14 வயது மாணவி ஒருத்தி 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மரண விசாரணை 2022-இல் முடிந்தது. கடைசி ஆறு மாதத்தில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தற்காயம், தற்கொலை ஆகியவற்றைப் பற்றியவை. மனச்சோர்வோடு இருந்த அவளுடைய மரணத்திற்கு இணையத்தில் பார்த்தவையும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். எதை அதிக நேரம் பார்க்கிறோமோ அதைப் போன்றதையே இந்த இயந்திரம் மேலும் மேலும் கொண்டுவந்து கொடுக்கும். சமையல் பார்ப்பவருக்குச் சமையல். கிரிக்கெட் பார்ப்பவனுக்குக் கிரிக்கெட். துக்கம் பார்க்கும் பிள்ளைக்குத் துக்கம். பார்ப்பது ஒரு குழந்தை என்று அது இரங்குவதில்லை.

அதே சமயம் நன்மையையும் மறைக்கக்கூடாது. நீண்டநாள் சிகிச்சைக்காக நம் வார்டில் மாதக்கணக்கில் படுத்திருந்த ஒரு வாலிபனுக்கு, தினமும் மாலையில் வாட்ஸ்அப்பில் பேசிய நண்பர்கள்தான் பெரிய ஆறுதலாயிருந்தார்கள். நான் முதலில் சொன்ன மாணவிக்குக்கூட இரவில் அவளோடு பேசித் தைரியம் சொல்லி வந்த ஒரு தோழி இருந்தாள். போன் உடைந்த அன்று கேலி செய்தவர்களோடு அந்தத் தோழியும் போய்விட்டாள். தன்னைப் பற்றி இப்போது என்ன பேசிக்கொள்கிறார்களோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அது இரண்டு மடங்காயிற்று.

இதைச் சொல்வதால் அந்தத் தகப்பனாரை நான் குற்றப்படுத்துகிறேன் என்று எண்ணாதிருங்கள். ஒரு பிள்ளை இப்படிப்பட்ட முடிவுக்கு வருவது ஒரே ஒரு காரணத்தால் அல்ல என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அவர் செய்தது அன்பினாலும் பயத்தினாலும்தான். அதற்கு மேற்பட்டு எதையும் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்று ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் இயற்றியது. அது 2025 டிசம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனங்களுக்கே. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஆனால் சட்டம் வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. வீட்டில் இன்றிரவே செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, இரவு போன் படுக்கையறைக்குள் போகவேண்டாம். எல்லாருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாருடையதும் என்றால் அப்பாவுடையதும் அம்மாவுடையதும்தான். வாட்ஸ்அப்பில் வரும் வசனங்களும் காலைவரை காத்திருக்கட்டும். இது தண்டனையாக வராமல் குடும்ப ஒழுங்காக வந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கினால் போதும்.

இரண்டாவது, ஒரு வாக்குக் கொடுங்கள். "இந்தப் போனில் உனக்கு என்ன வந்தாலும், நீயே தவறு செய்திருந்தாலும், என்னிடம் வந்து சொல். சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன். அடிக்க மாட்டேன்." இதைச் சொல்வதும் கடினம், காப்பாற்றுவதும் கடினம். ஆனால் இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். பெற்றோரிடம் சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்தினாலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. மிரட்டிப் பணம் கேட்பவனுக்கும், படத்தை வைத்துப் பயமுறுத்துபவனுக்கும் அந்த மௌனமே துணையாகிவிடுகிறது.

மூன்றாவது, எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்பதோடு, என்ன பார்த்தாய், பார்த்தபின் மனது எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்று கேட்டுச் சேர்ந்து பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

நான்காவது, கேலியோ மிரட்டலோ வந்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அதுவே சாட்சியம். படம் பிடித்து வைத்துக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். தேவையானால் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணும் உண்டு.

ஐந்தாவது, அடையாளங்களைக் கவனியுங்கள். தூக்கமும் சாப்பாடும் மாறுவது, நண்பர்களை விட்டு விலகுவது, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு, இவற்றை விளையாட்டாக எண்ணாதீர்கள். அப்படித் தோன்றினால், "சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே அன்போடு கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். கேட்ட பிறகு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

காவல்துறையில் வழக்காகிவிடுமோ என்று பயந்து வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று சொல்லுகிறது. ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சரியான சிகிச்சைக்கு அது மிகவும் அவசியம்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம், "உனக்கு விசுவாசம் குறைவு, ஜெபம் குறைவு" என்று சொல்லாதிருங்கள். காலொடிந்தவனிடம் நாம் அப்படிச் சொல்வதில்லை. ஜெபியுங்கள், மருந்தையும் நிறுத்தவிடாதீர்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வாலிபர் சங்கத் தலைவர்களும் இரவு ஒன்பது மணிக்குமேல் குழுவில் எதுவும் அனுப்பாதிருப்பது நல்ல முன்மாதிரியாயிருக்கும். ஒரு பிள்ளை தன் வீட்டில் சொல்ல முடியாததை நம்மிடம் வந்து சொல்லலாம் என்று நம்பும்படி, சபையில் ஒரு மாமாவாவது ஒரு அக்காவாவது இருக்க வேண்டும்.

அந்த மாணவியைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவீர்கள். அவள் சொன்னதை, அவள் அனுமதியோடு, ஆலோசகர் முன்னிலையில் பெற்றோருக்குத் தெரிவித்தோம். தகப்பனார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "பயமா இருந்துச்சுப்பா" என்றாள். அவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் இளநீரோடு திரும்பி வந்து, அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று இரவு முழுவதும் அவர்தான் உடனிருந்தார்.

பள்ளித் தலைமையாசிரியை அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்துப் பேசினார். படம் நீக்கப்பட்டது. நம் மாணவி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். மாதம் ஒருமுறை ஆலோசனைக்கு வருகிறாள், மருந்து சாப்பிடுகிறாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் அவளுக்கு இன்னும் கடினமாகவே இருக்கின்றன. கடந்த முறை வந்தபோது, "இப்போ அப்பா போனும் என் போனும் ராத்திரி ரேடியோ பக்கத்துலதான் ஐயா இருக்கு. அப்பாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை.

இவ்வாண்டு அதே சபையின் கன்வென்ஷனுக்கு மறுபடியும் என்னை அழைத்தார்கள். போன முறை நான் சொன்னது பாதி ஆலோசனைதான், மீதியை ஒரு பிள்ளையிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். இந்த முறை 'ஆமென்' அவ்வளவு பலமாக வரவில்லை. கூட்டம் முடிந்தபின் மூன்று பெற்றோர் தனித்தனியே வந்து என்னோடு பேசினார்கள். பிற்பாடு, எல்லாரும் போன பிறகு, ஒரு பையன் வந்து, "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் நம் செவிலியர்களுக்காகவும், மனநலப் பிரிவின் மருத்துவர்களுக்காகவும் உங்கள் ஜெபத்தில் தாங்கிக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன். இன்றிரவு உங்கள் வீட்டில் விளக்கை அணைக்குமுன் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்